கருகமணி இல்லாத படம்

கோவளம்,
ஆகஸ்ட் 2005.

அன்புள்ள மச்சான் சௌகத் அலி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் நம் மகள் ஜன்னாவும் சுகம். ஷார்ஜாவில் நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு, சுகமாக, உயிரோடு இருக்க எந்நேரமும் என் துஆ. உயிரோடு என்று ஏன் எழுதினேன் என்பது உங்களுக்கே தெரியும். தெரியாவிட்டால் மேலே படியுங்கள்.

மெயிலில் எழுதியிருக்கலாம். கடை மெயிலை உங்கள் தம்பி தமீமும் திறக்கிறார். போன் பூத்தில் பேசினால் பின்னால் நிற்கிறவர்களுக்கெல்லாம் காது நீளம். அதனால் நாளைக்கு உங்கள் பக்கம் புறப்படுகிற ஆள் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கம்ப்யூட்டரில் நீங்கள் திறந்த கடை நன்றாகவே ஓடுகிறது. சிப்பி விளக்குக்கும் சோழித் திரைக்கும் வெளிநாட்டிலிருந்து ஆர்டர் நிற்கவில்லை. தமீமின் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஒவ்வொரு சரக்குக்கும் நானே தனிப் பக்கம் போட்டிருக்கிறேன். உடையாமல் எப்படிக் கட்டி அனுப்புகிறோம் என்பதற்குக்கூட ஒரு பக்கம் உண்டு. முதலில் ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று காணாமல் போகும், அழுகையாக வரும். இப்போது கை பழகிவிட்டது. கடை காலூன்றினால் ஊரோடு வந்துவிடுவேன் என்று நீங்கள் சொன்னதை நம்பித்தான் இவ்வளவும்.

போன வாரம் நம்மிடம் விளக்கு வாங்கிய ஜெர்மனி அம்மா ஒருவர் ஜன்னாவுக்கு ஒரு பொம்மை அனுப்பியிருந்தார். கூட இருந்த அட்டையில், தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த குழந்தைக்கு என்று எழுதியிருந்தது. உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது, என்னிடம் மறைக்கிறார்கள் என்று செருப்புகூடப் போடாமல் பூத்துக்கு ஓடினேன். "வேல நேரத்துல இன்னா புள்ள?" என்று சிரித்தீர்களே, அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. சும்மாதான் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகுதான் கடைக்குள் போய்த் தேடினேன். முகப்பிலிருந்து வழியே இல்லாத ஒரு பக்கம் இருந்தது. வாங்குகிறவர்களுக்கு நீங்கள் அனுப்பும் நன்றி மெயிலில் மட்டும் அதன் முகவரி. மேலே என் படம். சுனாமியில் கணவனை இழந்த ரோஷன் பீவி கையால் செய்த பொருட்கள் என்று கீழே கதை. வலையை எடுக்கத் திரும்பி ஓடிய கணவன் வரவேயில்லையாம். அது நம் கடைக்குச் சோழி கோக்கிற முனியம்மாவின் வீட்டுக்காரர் சின்னையனுக்கு நடந்தது மச்சான். நான் போனில் அழுதுகொண்டே சொன்னதை வார்த்தை மாறாமல் எடுத்து உங்கள் தலையில் போட்டுக்கொண்டீர்கள்.

படத்தை உற்றுப் பார்த்தேன். என் கழுத்தில் கருகமணி இல்லை. எப்படியோ அழித்திருக்கிறீர்கள். நிக்காஹ் அன்று கட்டியதிலிருந்து குளிக்கும்போதுகூட நான் கழற்றியதில்லை. அது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எடுத்த படம். அன்றைக்குக் கடல் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நீங்கள் எழுதியபடி நான் கைம்பெண் என்றால் அப்போது நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் வீட்டுக்குள் அல்லவா இருந்திருப்பேன்? புதுப்புடவை கட்டி, கை நிறைய மருதாணி வைத்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டா நிற்பேன்? கருகமணியை அழித்தவர் கண்ணுக்கு மருதாணி தெரியவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர் சோற்றையாவது ஒழுங்காகப் போட்டிருக்க வேண்டும்.

இப்போது அந்த ஜெர்மனி அம்மா மாமல்லபுரம் பார்க்க வருகிறாராம். மாதக் கடைசி ஞாயிறு நம் வீட்டுக்கும் வந்து எனக்கு ஆறுதல் சொல்வாராம். தமீமிடம் கேட்டேன். "ஒரு நாளு தானே அண்ணி, கருவமணிய கயிட்டி வெச்சிட்டு முக்காடு போட்டுகினு நில்லு. இன்னா கொறஞ்சி பூடும்? அண்ணன் சீக்கிரம் வூடு வர்றதுக்குத்தானே இம்மாம் பாடு?" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. வீடு வந்து சேர்வதற்காக மௌத்தாகிப்போன மனிதர் உலகத்திலேயே நீங்கள் ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமையும் முனியம்மா இங்கேதான் இருப்பாள். என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சோழி கோக்கிறாள். நேற்று அந்தப் பொம்மையை எடுத்து, "யாரு குட்த்தது? நல்லாகீதே" என்று ஜன்னாவிடம் கேட்டாள். நான் அடுப்பைப் பார்க்கிற மாதிரி எழுந்துவிட்டேன். அவள் புருஷனின் சாவை அவள் எதிரிலேயே என் புருஷனுக்கென்று ஒருவர் சொல்லி அழ, நான் தலையாட்டிக்கொண்டு நிற்கவா? என்னால் முடியாது மச்சான். கோபத்தைவிட வெட்கம்தான் என்னைத் தின்கிறது.

அந்தப் பக்கத்தை அழிக்க எனக்குத் தெரியும். பாஸ்வேர்டும் என்னிடம் இருக்கிறது. அழித்தால் மட்டும் போதாது, படித்தவர்களுக்குப் பதில் வேண்டும். அதனால் அதே முகவரிக்கு வேறு பக்கம் ஒன்று எழுதி, வெளியிடாமல் சேமித்து வைத்திருக்கிறேன். என் கணவர் உயிரோடு இருக்கிறார், முன்பு எழுதியது உண்மையில்லை, மன்னியுங்கள், எங்கள் விளக்குகள் நல்ல விளக்குகள். அவ்வளவுதான். முனியம்மா கதை அதில் இல்லை, அது விற்பனைக்கு இல்லை.

அதை நீங்கள் உங்கள் கையால் வெளியிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. ஞாயிறு வரை பொறுத்திருப்பேன். அதற்குள் நீங்கள் செய்யாவிட்டால் அன்று காலை நான் செய்துவிடுவேன். அதன் பிறகு ஆர்டர் நின்றால் நிற்கட்டும். நீங்கள் வர இன்னும் இரண்டு வருஷம் ஆனாலும் காத்திருப்பேன். உயிரோடு இருக்கிறவருக்காகக் காத்திருப்பதில் எனக்குக் கஷ்டம் இல்லை.

புதுப் பக்கத்தில் மேலே ஒரு படத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். உங்கள் படம், இப்போது எடுத்தது, சிரித்த முகமாக ஒன்று போடுங்கள். ஜன்னாவும் பார்த்து நாளாகிறது.

அல்லாஹ் உங்களுக்கு நிறைந்த ஹயாத்தை, நீண்ட ஆயுளைத் தரட்டும். என் ஹயாத்திலிருந்து எடுத்தாவது தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, இன்றும் மனைவிதான்,
ரோஷன் பீவி