இடது கையால் காஜா தைப்பவள்

அன்பு அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? தையல் மிஷினை மிதிக்காமல் இருக்கிறீர்களா? எனக்குச் சளி மட்டும் விடவில்லை.

இங்கே ஒரு சின்ன ரகளை, பயப்படாதீர்கள். நான் பதிப்பு வேலை பார்க்கும் ஆய்விதழில் சிறைக் கொடுமை பற்றி ஒரு கட்டுரை. காவலர்கள் அடித்ததைச் சொன்ன கைதியின் பெயரை மாற்றியிருந்தார்கள். ஆனால் 'தையல் கூடத்தில் இடது கையால் காஜா தைப்பவள்' என்பதை அப்படியே விட்டிருந்தார்கள். நீங்கள் வேலை பார்த்த தையல் கடைகளில் உங்களைத் தவிர இடது கையால் பொத்தான் துளை தைக்கும் யாரையாவது பார்த்திருக்கிறேனா? அச்சை நிறுத்திவிட்டேன்.

எழுதிய பேராசிரியர் போனில் கத்தினார். "ஒரு வரிதானேம்மா, யார் கவனிக்கப் போறாங்க?"

"அடிச்சவங்க கவனிப்பாங்க சார்."

வரியை எடுத்தாயிற்று, இதழ் தாமதம். என்னை வைத்திருப்பதா அனுப்பிவிடுவதா என்று இயக்குநர் இன்று சொல்வார். அதுவரை அலுவலகத்தில் உட்கார்ந்து உங்களுக்கு எழுதுகிறேன்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். உள்ளே ரெண்டு வரி எழுதி வையுங்கள். பெயர்கூட வேண்டாம், அந்தச் சாய்ந்த எழுத்தைப் பார்த்தாலே நீங்கள் என்று தெரிந்துவிடும்.

இதோ, இயக்குநர் கூப்பிடுகிறார்.

உங்கள் சின்னவள்