வலது கை தள்ளிப்போன இடங்கள்

வெள்ளிக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அத்தானும் நலம். நீ நலமா என்று எப்போதும் வழக்கத்துக்குக் கேட்பேன். இந்த முறை பதில் வேண்டும் என்பதற்காகக் கேட்கிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று கேட்டால், நீ அங்கே மழை பெய்கிறது என்பாய். காகிதத்தில் உன்னால் பேச்சை மாற்ற முடியாது.

முதலில் வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று சொன்னேன் அல்லவா, அத்தான் தானே சரிசெய்கிறேன் என்று இறங்கினார். இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. "முன்னாடி சும்மா ஒழுகிச்சு, இப்ப தாளத்தோட சொட்டுது, உனக்குப் பிடிக்குமேன்னுதான் விட்டேன்" என்கிறார். உன் மருமகள் பரீட்சை முடித்துவிட்டு நாள் முழுக்கத் தூங்குகிறாள். எழுந்தால் உன்னைத்தான் விசாரிக்கிறாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பியானோவுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்குமாக எங்கள் இசைக்குழு வாசிக்க, தாளில் எழுதித் தரச் சொல்லி நீ அனுப்பிய அந்தப் பதினோரு நிமிட இசையைப் பற்றித்தான்.

இசையைத் தாளில் எழுதும் நொட்டேஷன் பக்கமே நீ எட்டிப் பார்க்காதவன், அதனால் விளக்கமாகவே எழுதுகிறேன். நீ வாசிப்பதைப் பதிவுசெய்யும் உன் சீக்வென்சர் மென்பொருளில் ஒரு நோட், அதாவது ஒரு ஸ்வரம், சற்று முன்னாலோ பின்னாலோ போக வேண்டுமென்றால் மௌஸால் பிடித்து இழுக்கிறாய். நகர்ந்துவிடுகிறது. பக்கத்தில் இருப்பவை அசைவதில்லை. அது விட்டுவந்த இடம் வெறுமனே கிடக்கிறது, யாரும் கேட்பதில்லை. நொட்டேஷன் எழுதும் என் மென்பொருளில் வெறும் இடம் என்ற ஒன்றே கிடையாது. பார் என்கிற ஒரு தாளக் கட்டத்துக்கு நாலு பீட் என்றால் நாலு பீட்டும் நிரம்பியிருக்க வேண்டும். ஒரு நோட்டைக் கால் பீட் தள்ளினால், அது இருந்த இடத்தில் மௌனத்துக்கு ஒரு குறி போட வேண்டும், அதன் வாலை வெட்ட வேண்டும், வெட்டியது அடுத்த பாருக்குள் போனால் இரண்டையும் வளைகோடு போட்டு இணைக்க வேண்டும். ஒருவரை நகர்த்தினால் வரிசையில் இருக்கும் அத்தனை பேரிடமும் சொல்லியாக வேண்டும்.

உன் கோப்பை முதல் முறை திறந்தபோது பக்கம் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி இருந்தது. அத்தனை குட்டி குட்டி மௌனக் குறிகள், வளைகோடுகள். உன்னைக் கூப்பிட்டேன். "நான் சரியா வாசிக்கலக்கா. எல்லாத்தையும் நேர் பண்ணிடு, ஒரு கட்டளைதானே" என்றாய். நானும் நேர் பண்ணினேன். எல்லா நோட்டும் அதனதன் பீட்டில் போய் உட்கார்ந்தது. அச்செடுத்து ஒத்திகைக்குக் கொண்டுபோனேன்.

வாசித்தார்கள். குழுவின் நடத்துநர், "நல்லா இருக்கு, சுத்தமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைக் கையில் எடுத்தார். அடுத்த மாத நிகழ்ச்சியில் உன்னுடையதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய மனிதர் அவர். பியானோ வாசிக்கும் அம்மாவை நாங்கள் எல்லோரும், பீட் தவறாமல் டிக் டிக் என்று அடிக்கும் கருவியின் பேரால், மெட்ரோனோம் என்றுதான் கூப்பிடுவோம், அவருக்கும் தெரியும். அவர் கண்ணாடியைத் துடைத்தார். சுத்தம் என்பது இசைக்குப் பாராட்டா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

மனசு கேட்கவில்லை. உன் மருமகளின் கணினியில் சீக்வென்சர் இருக்கிறது. அதில் உன் கோப்பை அப்படியே திறந்து, நோட்டுகள் தொடங்கும் நேரங்களின் பட்டியலைப் பார்த்தேன். ஒரு பீட்டை நானூற்று எண்பது துண்டாக நறுக்கி, எந்த நோட் எந்தத் துண்டில் விழுகிறது என்று காட்டும் பட்டியல் அது. பார்க்கப் பார்க்க என்னால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

ஒவ்வொரு பாரிலும் மூன்றாவது பீட்டில் உன் இடது கை தூரத்தில் இருக்கும் ஒரு கீழ் நோட்டுக்குத் தாவுகிறது. முதல் பக்கத்தில் அது இருபது துண்டு தாமதம். அப்புறம் நாற்பது. அப்புறம் எழுபது. முடிவுக்கு வரும்போது நூற்று இருபது, முழுசாகக் கால் பீட். வலது கையோ கடிகாரம் மாதிரி சரியாக விழுகிறது. எழுபத்தோராவது பார் வரைக்கும்.

எழுபத்தோராவது பாரில் வலது கையும் தாமதம். எவ்வளவு தெரியுமா? இடது கை எவ்வளவு தாமதமோ அவ்வளவே. ஒரு துண்டு கூடக் குறையில்லை. அடுத்த பாரிலும் அப்படியே, அதற்கடுத்த பாரிலும் அப்படியே. மனித விரலுக்கு அது முடியாது, தம்பி. நீ உட்கார்ந்து ஒவ்வொரு நோட்டாக மௌஸால் பிடித்து நகர்த்தியிருக்கிறாய்.

இடதை முன்னால் இழுத்திருந்தால் ஒரு நொடி வேலை. யாருக்கும் தெரிந்திருக்காது. நீ அதைத் தொடவில்லை. வலதைப் பின்னால் கொண்டுபோய் இடதின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறாய்.

அதோடு விட்டாயா? நூற்று முப்பத்திரண்டாவது பாரிலிருந்து வயலின் இரண்டும் வயோலாவும் செல்லோவும் தங்கள் நோட்டை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்தக் கீழ் நோட் வந்து சேர்ந்த பிறகுதான் எல்லோரும் சேர்ந்து அடுத்த அடி வைக்கிறார்கள். அப்படிப் பாருக்குக் கால் பீட்டாகத் தள்ளித் தள்ளி, உன் கடைசி நோட் விழ வேண்டிய இடத்திலிருந்து எட்டு பீட்டுக்கும் மேலே தள்ளிப்போய் நிற்கிறது. இருபது வருஷமாக மற்றவர்களின் இசையைப் பிரதி எடுக்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. திரையைத் தொட்டுப் பார்த்தேன், சிரிக்காதே.

உன் பழைய கோப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு வருஷத்துக்கு முந்தையவற்றில் உன் இடது கை பீட்டுக்கு முன்னாலேயே போய் நிற்கிறது. எப்போதும் அவசரக்காரன்தானே நீ.

நேராக்கியதைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து எழுதினேன். மூன்று நாள் ஆனது. முன்பகுதியில் இடது கைக்கு மட்டும் சிறு மௌனம் கொடுத்து நோட்டைத் தள்ளினேன். கடைசிப் பகுதியில் என்ன செய்தாலும் மென்பொருள் விடவில்லை. இங்கே தள்ளினால் அங்கே பிதுங்கியது. கடைசியில்தான் புத்தி வந்தது. நோட்டை நகர்த்துவதை விட்டுவிட்டுப் பாரையே பெரிதாக்கினேன். நாலு பீட் பார்களை நாலேகால் பீட் பார்களாக்கினேன். எல்லாம் சண்டையில்லாமல் போய் உட்கார்ந்தது.

நேற்று இரண்டாவது ஒத்திகை. தாளைப் புரட்டியதும் மெட்ரோனோம் அம்மா, "இத எழுதினவருக்கு எண்ணத் தெரியாதா?" என்றார். முதல் இரண்டு முறை எல்லோரும் தடுமாறினார்கள். மூன்றாவது முறை கடைசிப் பக்கம் வந்தபோது யாரும் தாளைப் பார்க்கவில்லை. நால்வரும் அந்த அம்மாவின் இடது கையையே பார்த்துக்கொண்டு வாசித்தார்கள். அந்தக் கை தாவிப்போய்ச் சேரும் வரை நான்கு வில்லும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தன.

முடிந்ததும் நடத்துநர் கையை இறக்க மறந்து அப்படியே நின்றார். அதிகம் பேசாத செல்லோக்காரர், "இன்னொரு தடவ வாசிக்கலாமா?" என்று கேட்டார். வாசித்தார்கள். உன் இசை நிகழ்ச்சியில் கடைசியாக வருகிறது. அதற்குப் பிறகு எதையும் வைக்க முடியாது என்று நடத்துநர் சொல்லிவிட்டார்.

எல்லோரும் கிளம்பிய பிறகு மெட்ரோனோம் அம்மா என்னிடம் வந்தார். "அவர் இடது கைக்கு எப்பலேர்ந்து இப்படி?" என்றார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் என் தோளில் கை வைத்து, வாத்தியக்காரர்களின் கைகளைப் பார்க்கும் ஒரு டாக்டர் இருக்கிறார், பயப்படாதீங்க என்று சொல்லி, என் தாளின் பின்பக்கத்தில் எண்ணை எழுதிக் கொடுத்தார்.

வரும் வியாழன் காலை பத்தரைக்கு அந்த டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன், உன்னைக் கேட்காமல். திட்டுவதென்றால் நேரில் வந்து திட்டு. நான் உன்னிடம் எதையும் துருவ மாட்டேன். டாக்டர் அறைக்குள் வரச் சொன்னால் வருவேன், இல்லையென்றால் வெளியில் உட்கார்ந்திருப்பேன்.

புதன் மாலை ரயிலுக்கு வந்துவிடு. நிலையத்துக்கு அத்தான் வருவார். பெட்டியை அவரே தூக்கிக்கொள்வார். நானே தூக்குகிறேன் என்று அவரோடு மல்லுக்கு நிற்காதே, கண்ணா. கொடுத்துவிடு.

உனக்கு எல்லா நலமும் வேண்டும்,
அக்கா