உங்கள் இலைக்கு என்ன வாங்குவது?

அம்மா,

முந்தாநாள் அந்தப் பெரிய சூப்பர்மார்க்கெட்டின் கதவு திறந்ததும் பழைய மணம் முகத்தில் அடித்தது. கருவாடு, பேக்கரியின் சூடான பாண், தரை துடைக்கிற மருந்து, எல்லாம் ஏசிக் குளிரோடு கலந்த மணம். ஷார்ஜாவில் வேறெந்தக் கடையும் இப்படி மணக்காது. நீங்கள் போன பிறகு நானும் அப்பாவும் அந்தப் பக்கம் போகவேயில்லை. வீட்டுக்குக் கீழே இருக்கிற சின்னக் கடையில் முட்டையும் பாணும் வாங்கிச் சமாளித்தோம். இன்று, ஞாயிற்றுக்கிழமை, உங்களுடைய ஆண்டுத் திவசம் என்பதால்தான் போக வேண்டி வந்தது. வாழையிலை போட்டு, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்க வேண்டியிருந்தது.

அதில்தான் பிரச்சினை. உங்களுக்கு என்ன பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

இதை எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது. சின்ன வயதிலிருந்து ஒவ்வொரு கிழமையும் உங்களோடு அந்தக் கடைக்கு வந்திருக்கிறேன். முதலில் தள்ளுவண்டிக்குள் உட்கார்ந்து, பிறகு அதைத் தள்ளிக்கொண்டு, பிறகு போனைப் பார்த்துக்கொண்டு. நீங்கள் வெண்டிக்காயின் நுனியை ஒவ்வொன்றாக முறித்துப் பார்ப்பீர்கள். காய்கறி நிறுக்கிற புதுக்கோட்டை அண்ணன் தூரத்திலிருந்தே கத்துவார்.

"அக்கா, உடைக்காதீங்கக்கா! சூப்பர்வைசர் என்னைத்தான் கேப்பான்."

"முறிக்காமல் முத்தலோ பிஞ்சோ எண்டு என்னெண்டு தெரியும்? உம்மட சூப்பர்வைசரை வந்து சாப்பிடச் சொல்லும்."

அவர் சிரித்துக்கொண்டே ஸ்டிக்கரை ஒட்டித் தருவார். நீங்கள் வண்டியில் போடும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் சொல்வீர்கள். இது அப்பாவுக்கு, இது உனக்கு, இது அப்பாவுக்கு. ஒருநாள் நான் கேட்டேன், "உங்களுக்கு என்னம்மா?" நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "எனக்கென்ன, எதெண்டாலும் சரி."

யூனிவர்சிட்டியை விட்டதை உங்களிடம் சொன்னதும் அங்கேதான். அரிசி மூட்டைகள் அடுக்கியிருக்கிற இடத்தில். வீட்டில் சொல்லப் பயம். கடையில் என்றால் நீங்கள் கத்த மாட்டீர்கள் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "அம்மா, நான் இனிப் போகமாட்டன். முடிஞ்சுது" என்றேன். நீங்கள் சொன்னீர்கள், "அப்பாவுக்கு நான் சொல்லுறன். நீ இப்ப இந்த அரிசியைத் தூக்கு." அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் எத்தனை வேலை மாறினாலும், ரிசப்ஷன், கோல் சென்டர், இப்போது மாலில் போன் கவர் விற்கிறது, நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று. மத்தியானம் என்ன சாப்பிட்டாய்? உங்களிடம் அதை நான் திருப்பிக் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை. காலையில் உங்கள் கையாலேயே மூன்று சாப்பாட்டுப் பெட்டி கட்டுவீர்கள். மூன்றிலும் ஒரே சோறு, ஒரே கறி. அதில் கேட்க என்ன இருக்கிறது?

முந்தாநாள் அப்பா வண்டியைத் தள்ளினார். நிறுக்கிற இடத்துக்குப் போனதும் அந்த அண்ணன் எங்களைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"என்ன சார், ஆளையே காணோம்! அக்கா எங்க, ஊருக்குப் போயிட்டாங்களா?"

அப்பா தலையை ஆட்டினார். "ஓம். ஊருக்குப் போட்டா."

"நல்லதுதான் சார். இந்த வெயில்ல எதுக்குக் கிடந்து கஷ்டப்படணும்."

நான் அப்பாவைப் பார்த்தேன். அந்த அண்ணன் நிறுத்துத் தந்த கத்தரிக்காய்ப் பையை அவர் கையில் வாங்கி வண்டியில் வைத்தார். உங்களைப் பெட்டியில் வைத்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனதும் அதே கைதான். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதனால் நான் அதைத் திருத்தவில்லை.

ஆனால் கத்தரிக்காயைப் பற்றிச் சொன்னேன்.

"இதேன் இவ்வளவு?"

"பால்கறி வைக்க. அம்மாவுக்கு உயிரெல்லே."

"அது உங்களுக்கு உயிர்."

"விசர்க்கதை கதையாதை. கத்தரிக்காய் கட்டிக் குடுத்த நாளிலை பெட்டி எப்பிடி வரும்? வழிச்சுத் துடைச்சு, ஒரு பருக்கை இல்லாமல் வரும். நான்தானே கழுவுறனான்."

"சரி. பருப்பு?"

"பருப்பும் பிடிக்கும்."

"அது எனக்கு. பாயாசம் எண்டும் சொல்லாதேங்கோ. சீனி வருத்தம் வந்த பிறகு அவ தொட்டதே இல்லை."

அப்பா வண்டியை நிறுத்தினார். பின்னால் வந்த ஒரு மலையாளி அம்மா எங்களைச் சுற்றிக்கொண்டு போனார். "அப்ப அவவுக்கு என்னதான் பிள்ளை பிடிக்கும்?" என்று அப்பா கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டார்.

"என்னைக் கேட்டால்? நீங்கள்தானே அவவைக் கட்டினீங்கள்."

சொன்ன பிறகு எனக்கே சுட்டது. அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன். மசாலா, எண்ணெய், ஊறுகாய். ஒவ்வொரு தட்டாகப் பார்த்தேன். எதையாவது பார்த்தால் ஞாபகம் வரும் என்று நினைத்தேன். நீங்கள் ஒன்றை ஆசையாகக் கையில் எடுத்த காட்சி ஒன்றாவது வரவேண்டாமா? வரவில்லை. எடுத்து, திருப்பி, எக்ஸ்பயரி டேட் பார்த்து, வண்டியில் போட்டுக் கடைசியில் அப்பாவின் பெயரோ என் பெயரோ சொல்கிற காட்சிதான் வந்தது. நடந்து நடந்து கடையின் அந்தத் தொங்கலுக்கே, கடைசி மூலைக்கே போய்விட்டேன். கொரியாச் சாமான், தாய்லாந்துச் சாமான், பிலிப்பைன்ஸ் சாமான் வைக்கிற பகுதி. அங்கே எங்களுக்கு வேலையே இருந்ததில்லை.

அங்கே கீரைத் தட்டுக்கு முன்னால் நின்ற ஒரு பிலிப்பினோப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உங்களைவிடக் கொஞ்சம் இளையவள். கட்டையாக வெட்டிய முடி. எங்கேயோ கண்ட முகம். அவள்தான் முதலில் கிட்ட வந்தாள்.

"நீ ஆத்தேயின் மகள்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஆத்தே என்றால் அவர்கள் மொழியில் அக்கா என்று அவளே சொன்னாள். பெயர் மரிசெல். உங்கள் ஆபீஸில் உங்களுக்குப் பக்கத்து மேசை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் ஆபீஸில் மயங்கி விழுந்த அன்று, ஆஸ்பத்திரிக் கொரிடோரில் ஒரு துணிப்பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றவள். நான் அவளை ஏதோ வேறு நோயாளியின் ஆள் என்று நினைத்திருந்தேன்.

திவசம் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தினேன். உங்களுக்குப் பிடித்ததைச் சமைக்க வேண்டும் என்றும், எங்களுக்கு அது தெரியவில்லை என்றும் சொன்னேன். வேறு யாரிடமும் இதைச் சொல்லியிருக்க மாட்டேன். அவளிடம் வந்துவிட்டது.

அவள் சிரித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா? ஆத்தே என் சாப்பாட்டைத்தான் சாப்பிடுவாள். ஒவ்வொரு நாளும். நான் அவளுடைய பெட்டியைச் சாப்பிடுவேன்."

எனக்கு உடனே விளங்கவில்லை. அவள் திரும்பச் சொன்னாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் விளையாட்டாக மாற்றினார்களாம். அதற்குப் பிறகு நிற்கவேயில்லையாம். புளியில் செய்கிற ஒரு சூப். முள்ளங்கி, வெண்டிக்காய், பயத்தங்காய், தக்காளி, கடைசியில் கங்குன் என்கிற தண்ணீர்க் கீரை. "அவள் இரண்டு கையாலும் பெட்டியைத் தூக்கிக் குடிப்பாள். இன்னும் புளி, இன்னும் புளி என்பாள். நான் சொல்வேன், ஆத்தே, உன் பல் எல்லாம் விழுந்துவிடும்." செவ்வாய்க்கிழமை நீங்கள் மீன் மச்சம் தொட மாட்டீர்கள் என்று அன்றைக்கு மட்டும் இறால் போடாமல் செய்து கொண்டுவருவாளாம்.

"அப்ப எங்கட கத்தரிக்காய்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். பிறகு ஆங்கிலத்தில் கேட்டேன்.

"ஓ, அந்தப் பால் போட்ட கத்தரிக்காய்! அது எனக்கு உயிர். விரலால் வழித்துச் சாப்பிடுவேன்."

அம்மா, நான் அந்த இடத்திலேயே சிரித்தேன். பிறகு அழுதேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்தே விழுந்த அன்றைக்கும் கொண்டுவந்திருந்தேன்" என்றாள். "இரண்டு பெட்டியையும் யாரும் திறக்கவில்லை."

அப்பா என்னைத் தேடிக்கொண்டு வந்தார். யார் இவள் என்று கண்ணாலேயே கேட்டார். நான் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. பெட்டியை வழித்துத் துடைத்தது யார் என்பதையும் சொன்னேன். கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது வராது என்று உங்களுக்குத் தெரியும்.

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவர் கீரைத் தட்டைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார், "கலியாணம் முடிச்ச புதிசிலை கொம்மா எல்லாத்துக்கும் புளி விட்டுத்தான் காய்ச்சுவா. எனக்கு நெஞ்செரிவு. ஒருநாள் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிப்போட்டன். அண்டைக்குப் பிறகு அவ வீட்டிலை புளி விட்டதில்லை. நான் நினைச்சன், அவவுக்கும் அது பிடிக்காமல் போட்டுதெண்டு."

மரிசெலுக்கு அது விளங்கவில்லை. ஆனால் அப்பாவின் முகம் விளங்கியிருக்க வேண்டும். நான் அலமாரியிலிருந்து புளித்தூள் பைக்கற்று ஒன்றை எடுத்ததும் அவள் அதைப் பிடுங்கித் திரும்ப வைத்தாள். "ஆத்தேக்கு நான் ஒருநாளும் தூளில் செய்ததில்லை." அவளே புளி எடுத்துத் தந்தாள். முள்ளங்கியில் மெல்லியதாகப் பார்த்துத் தெரிந்தெடுத்தாள். வெண்டிக்காயை ஒவ்வொன்றாக நுனி முறித்துப் பார்த்தாள். அது யாரிடம் பழகியது என்று நான் கேட்கவில்லை.

இன்று காலையில் சமைத்தேன். முதல் தடவை தண்ணீர் கூடிவிட்டது. கொட்டிவிட்டுத் திரும்பச் செய்தேன். இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், வடை எல்லாம் இருந்தன. கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தோம். அப்பாதான் வைக்கச் சொன்னார். "அவ எல்லாருக்கும் காய்ச்சினது, இருக்கட்டும்." நடுவில் ஒரு கிண்ணத்தில் அந்தச் சூப், இறால் போடாமல். உங்கள் படத்துக்கு முன்னால் கற்பூரம் காட்டும்போது அப்பா தேவாரம் பாடத் தொடங்கினார். இரண்டாவது வரியில் நிறுத்திவிட்டார். மிச்சத்தை மனத்துக்குள் பாடினார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது.

படைத்து முடிந்து சாப்பிட உட்கார்ந்தோம். அப்பா தன் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டுச் சூப் கிண்ணத்தைக் கிட்ட இழுத்தார்.

"அப்பா, வேண்டாம். நெஞ்செரியும்."

"எரியட்டும்."

இரண்டு கையாலும் தூக்கிக் குடித்தார். முகம் சுருங்கியது. கீழே வைக்கவில்லை. முழுக்கக் குடித்தார். அது நல்லாயிருக்கிறதா என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பிறகு நெஞ்செரிவுக் குளிசை போட்டுக்கொண்டு போய்ப் படுத்துவிட்டார். இப்போதும் அறைக்குள் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்கிறது.

நான் மேசையில் இருந்து இதை எழுதுகிறேன். எனக்கு உங்களில் கோபம், அம்மா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்குத் தனியாக ஒரு சட்டியில் வை என்று சொல்லியிருக்கலாம். நானே வைத்துத் தந்திருப்பேனா என்று கேட்டால், தெரியாது, அது வேறு கதை. மரிசெலில் பொறாமையும் இருக்கிறது. நீங்கள் வாய் விட்டு "இன்னும்" என்று கேட்ட ஒரே ஆள் அவள். அதையெல்லாம் நினைத்துக்கொண்டு போனால், ஆபீஸில் ஒரு மத்தியானம் வருகிறது. நீங்கள் கதிரையில் சாய்ந்து, கண்ணை மூடி, புளிப்பில் ஒரு கண்ணைச் சுருக்கி, பெட்டியைத் தூக்கிக் குடிக்கிறீர்கள். நான் பார்த்ததேயில்லை. ஆனாலும் உங்களை நினைக்கும்போது இப்போது அதுதான் முதலில் வருகிறது. என்னிடம் இருக்கிற உங்கள் ஞாபகங்களில், இது உனக்கு என்று நீங்கள் எடுத்து வைக்காதது அது ஒன்றுதான்.