ஸ்பீக்கர் தூக்கி வந்தவருக்கு

நேற்றுக் காலை வத்தளைப் பாண்ட் பிள்ளைகளிடமிருந்து ஒரு காக்கி உறை வந்தது. அவர்களுடைய முதல் இசைத்தட்டு வெளிவரப் போகிறது. அதன் அட்டையும் உள்ளே வைக்கிற பாட்டுப் புத்தகமும் அச்சுக்குப் போக முதல் நான் எழுத்துப் பிழை பார்த்துத் தர வேண்டுமாம். "பிழை இருந்தால் சிவப்பால் வெட்டி விடுங்கோ சேர்" என்று ஒரு துண்டுக் கடதாசி இணைத்திருந்தார்கள். உறையைப் பிரித்ததும் புது மையின் மணம் வந்தது. பரீட்சை நாட்களில் வினாத்தாள் கட்டைப் பிரிக்கும்போது வருகிற அதே மணம். உற்சாகமாகத்தான் சிவப்புப் பேனையைத் தேடி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

பின்னட்டையின் நடுவில் பெரிய எழுத்தில் ஒரு வசனம். "நல்ல பாட்டு முதல் இருபது செக்கனில் தரையை விட்டு ஒரு சாண் எழும்ப வேண்டும்." அதன் கீழே என் பெயர். பெயருக்குக் கீழே, "எங்களை முதன்முதலில் கேட்ட காதுகளுக்கு நன்றி."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஒற்றெல்லாம் வர வேண்டிய இடத்தில் வந்திருந்தன. பேனையைத் திறந்து வைத்தபடி நெடுநேரம் இருந்தேன். அந்த வசனம் உங்களுடையது. அந்தக் காதுகளும் உங்களுடையவை.

நாம் பழகியதே மின்வெட்டினால்தான். கொட்டாஞ்சேனை வீட்டை விட்டு வெள்ளவத்தையில் மகளின் வீட்டுக்கு நீங்கள் வந்திருந்த புதிது. லிப்ட் வேலை செய்யவில்லை. நான் நான்காம் மாடி, நீங்கள் மூன்றாம் மாடி. இரண்டாம் மாடிப் படியில் இருவரும் மூச்சு வாங்க நின்றபோது உங்கள் சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் பிள்ளையின் பாட்டு வந்துகொண்டிருந்தது.

"ஆர் இது பாடுறது?" என்று கேட்டேன்.

"வத்தளைப் பக்கம் ஒரு பாண்ட், மாஸ்டர். கராஜுக்குள்ள வச்சுப் பாடியிருக்கிறாங்க. இன்னும் நூறு பேர்கூடக் கேக்கல்ல. நான் மட்டும் ஆறு தரம் கேட்டுட்டன்."

நான் தமிழாசிரியன் என்பதை யாரோ உங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர் நீங்கள் என்பதை அந்தப் படியில்தான் அறிந்துகொண்டேன்.

பிறகு தினமும் மாலையில் கடற்கரை வீதியில் நடந்தோம். யாரும் கேட்காத பாட்டுகளைத் தேடுவதுதான் உங்கள் ஓய்வூதிய காலத் தொழில். மட்டக்களப்பில் மூன்று பொடியன்கள், கொம்பனித்தெருவில் ஒரு மலே குடும்பத்துப் பிள்ளை, பதுளையில் ஒரு டீச்சர். இவர்களையெல்லாம் எங்கேயிருந்து பிடித்தீர்களோ. பிடித்ததை எல்லோருக்கும் அள்ளி அனுப்பவும் மாட்டீர்கள். "பாட்டு சொல்றது சப்பாத்து குடுக்கிற மாதிரி மாஸ்டர், கால் பாத்துத்தான் குடுக்கணும்" என்பீர்கள். வாசலில் நிற்கும் காவலாளியைச் சிங்களத்தில் "மல்லி", தம்பி, என்று கூப்பிட்டுக் கதைத்து, அவருக்கென்று ஒன்றை வைத்திருப்பீர்கள். மீன்கார அம்மாவுக்கு வேறொன்று. எனக்கும் தந்தீர்கள். நான் தலையை ஆட்டுவேன். முதல் நிமிடம் முடிய என் மனம் கடலைப் பார்க்கப் போய்விடும்.

என் காதில் விழுந்தது உங்கள் பேச்சு. "கிரேன்ல பாரத்த ஒரேயடியாத் தூக்க மாட்டம். முதல்ல ஒரு சாண் எழுப்பிட்டு நிப்பாட்டிப் பாப்பம், ஆடுதா, ஒழுங்காத் தொங்குதா எண்டு. பாட்டும் அப்பிடித்தான். முதல் இருபது செக்கன்ல ஒரு சாண் எழும்பணும். எழும்பாட்டி, பிறகு எவ்வளவு சத்தம் போட்டும் வேலையில்ல."

எங்கள் வாசகர் வட்டம் மாதத்தில் ஒரு ஞாயிறு கூடும். தேநீருக்கு முதல் பத்து நிமிடம் நிரப்ப ஏதாவது வேண்டும் என்றார்கள். 'புதுப் பாட்டு அறிமுகம்' செய்யலாம் என்று நான் சொன்னேன். உங்களைத்தான் பேசச் சொன்னேன், அது உண்மை. "ஐயோ, மைக்கைக் கண்டா எனக்கு நாக்கு ஒட்டிரும், நீங்களே பேசுங்க" என்று கும்பிட்டீர்கள். நீங்கள் தெரிவு செய்வது, நான் பேசுவது என்று ஒழுங்கு செய்துகொண்டோம். அதில் பிழையில்லை. "இது என் நண்பர் கண்டெடுத்த பாட்டு" என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். முதல் மாதம் சொன்னேன். இரண்டாம் மாதம் மறந்துபோனேன். மூன்றாம் மாதம் மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டேன்.

ஏன் என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் எழுதியதை விளக்கியே வாழ்ந்தவன் நான். அந்தச் சிறிய மண்டபத்தில் முதல் தடவையாக எனக்கென்று ஓர் இரசனை இருப்பதாக மனிதர்கள் நம்பினார்கள். 'புதுப்பாட்டுச் சேர்' என்று பெயர்கூட வைத்தார்கள். உங்கள் கிரேன், கயிறு, பாரம் எல்லாவற்றையும் நல்ல தமிழில் உடுத்தி மேடையேற்றினேன். நீங்கள் கடைசி வரிசையில் இருந்து கேட்டீர்கள். கூட்டம் முடிந்ததும் ஸ்பீக்கரைத் துணிப்பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி வேறொருத்தியின் கட்டுரையைப் பார்த்து எழுதி, பரிசும் வாங்கிவிட்டாள். தெரிய வந்ததும் அவளை வகுப்பின் முன்னால் நிறுத்தி, "எழுதினது ஆர் எண்டு உரத்துச் சொல்லு" என்றேன். அழுது அழுது சொன்னாள். அவளுக்கு வயது பதின்மூன்று. நான் அறுபத்தெட்டு வயதில் அதே வேலையைச் செய்தபோது ஒருவரும் என்னை எழுப்பி நிறுத்தவில்லை.

வத்தளைப் பிள்ளைகள் நேரில் வந்து பாடிய ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். பாட்டு முடிந்ததும் அந்தப் பாடகி, ரொஷினி, எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் கேட்டாள்: "சேர், எங்கள எப்பிடிக் கண்டுபிடிச்சீங்க?" நீங்கள் இரண்டடி தள்ளி நின்று வயர் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். நான், "தேடினால் கிடைக்கும் பிள்ளை" என்றேன். சபை கைதட்டியது. வயர் சுற்றிய உங்கள் கை ஒரு கணம் நின்றது. அதை நான் பார்த்தேன்.

பஸ் தரிப்பிடம் வரைக்கும் அவர்களை வழியனுப்பிவிட்டு, வாகனம் நிறைந்த காலி வீதியில் திரும்பி வரும்போது நீங்கள்தான் சிரிப்பை ஆரம்பித்தீர்கள். "தேடினா கிடைக்கும் எண்டு சொன்னீங்களே மாஸ்டர், எங்க தேடினீங்க, என்ட சட்டப் பொக்கெட்டுக்குள்ளயா?"

நானும் சிரித்தேன். உள்ளே கோபம் வந்தது. பிடிபட்டவனுக்கு வருகிற கோபம். "நீங்கதானே பேச மாட்டன் எண்டு சொன்னது" என்றேன்.

"ஓம், நான்தான். இல்லையெண்டு சொல்லல்ல. பாட்டு போய்ச் சேந்தாச் சரி. ஆனா மாஸ்டர், ஒருக்கா…"

அதோடு நிறுத்திவிட்டீர்கள். என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே எனக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கிழமை முழுவதும் தடிமன், இருமல் என்று பொய் சொல்லி நடக்க வராமல் இருந்தேன். அடுத்த கிழமை நீங்களே மேலே ஏறி வந்து, கொத்தமல்லிப் பொட்டலம் ஒன்றைத் தந்துவிட்டுப் போனீர்கள்.

நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீங்கள் திரும்பவில்லை. கொட்டாஞ்சேனையில் உங்கள் அண்ணன் வீட்டில் உங்கள் உடலை வைத்திருந்தார்கள். "மாஸ்டர், அப்பாவப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று உங்கள் மகள் கேட்டார். பேசினேன். உங்கள் எளிமை, உங்கள் நட்பு, துறைமுகத்தில் நீங்கள் உழைத்த உழைப்பு. பலர் கண் துடைத்தார்கள். உங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பாட்டைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் முடித்தேன். வாசகர் வட்டத்து ஆட்கள் ஐந்தாறு பேர் வந்திருந்தார்கள். அதுதான் காரணம்.

நேற்று அந்த அட்டையை வைத்துக்கொண்டு பகல் முழுவதும் யோசித்தேன். பின்னேரம் ரொஷினிக்குப் போன் எடுத்தேன்.

"பிழை ஒண்டு இருக்கு பிள்ளை."

"ஐயோ சேர், எத்தினையாம் பக்கம்?"

"பின்னட்டையில. அந்த வசனம் என்ர இல்ல. உங்களக் கண்டுபிடிச்சதும் நான் இல்ல." எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்த அங்கிள் சேர்?" என்றாள் கடைசியில்.

"என்னோட வருவார். வெள்ளைச் சேட். கொஞ்சம் கட்டை."

"ஸ்பீக்கர் தூக்கிக்கொண்டு வாற அங்கிளா?"

ஓம் என்றேன். வேறு எப்படி அவளுக்கு உங்களைத் தெரியும்? நான் அறிமுகப்படுத்தியிருந்தால் அல்லவா?

"அவரின்ட பேர் என்ன சேர்?"

உங்கள் பெயரைச் சொன்னேன். எழுத்தெழுத்தாக எழுதுவித்தேன், சொல்வதெழுதல் வகுப்பைப் போல. வட்டத்துக்கும் சொல்லப் போகிறேன் என்றேன். பிறகு அவள் கேட்ட கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப சேர், உங்களுக்கு எங்கட பாட்டு பிடிச்சதா, இல்லையா?"

அவளுடைய குரலில் கோபம் இல்லை. அறிய வேண்டும் என்ற ஆவல் மட்டுமே. இரண்டு வருடம் என் பாராட்டை நம்பிப் பாடிய பிள்ளை.

"நான் இன்னும் ஒழுங்காக் கேக்கேல்ல பிள்ளை" என்றேன்.

"சரி சேர்" என்று வைத்துவிட்டாள்.

இன்று விடிந்ததும் கேட்கத் தொடங்கினேன். எட்டுப் பாட்டு. கதவைச் சாத்திக்கொண்டு, வேறெதுவும் செய்யாமல் கேட்டேன். நினைத்ததைவிடக் கடினமான வேலை. ஒவ்வொரு பாட்டு முடியவும் அதைப் பற்றி மனதில் வருகிற வார்த்தையெல்லாம் உங்களுடையதாகவே வந்தது. கயிறு இறுகுது. பாரம் ஆடுது. தரை தட்டுது. அவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தால் என்னிடம் ஒன்றுமே இல்லை. மூன்று பாட்டு எனக்குப் பிடிக்கவும் இல்லை. அதைச் சொல்லக்கூட எனக்குச் சொந்தமாக ஒரு சொல் அகப்படவில்லை.

ஐந்தாவது பாட்டை நாலு தரம் கேட்டேன். பிறகு அவளுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன்: "ஐந்தாவது பாட்டில் மேளம் நின்று நீ தனியே பாடுகிற இடத்தில் எனக்குப் பயமாக இருந்தது."

ஒரு மாணவர் எழுதியிருந்தால், 'ஏன் என்று விளக்குக' என்று ஓரத்தில் குறித்திருப்பேன். அலங்காரம் இல்லை, நயம் இல்லை. யாரும் கைதட்ட மாட்டார்கள். அவள் இன்னும் பதில் போடவில்லை. ஆனால் அந்த வரியை நான் உங்களிடமிருந்து எடுக்கவில்லை. இவ்வளவு காலத்தில் பாட்டைப் பற்றி நான் சொன்ன முதலாவது வசனம் அதுதான். அதைக் கேட்க நீங்கள் இல்லை.