கூசுது என்றொரு சொல்

அக்கா,

இன்று காலை வீட்டில் சுங்குடிச் சேலைக்குக் கஞ்சி போட்டிருந்தார்கள். அது காயும் வாடையில் உன் மணிக்கட்டு நினைவுக்கு வந்தது. விறைத்த முந்தானை உரசினாலே கையை இழுத்துக்கொள்வாய். திருமங்கலத்தில் பாதிப் பேருக்கு ரவிக்கை தைத்தவள், கடைசி ஆண்டுகளில் உனக்கு மட்டும் கைகளைத் தொளதொளவென்று தைத்துக்கொண்டாய்.

மூட்டு வீக்கத்துக்காக உன்னை மதுரையில் ஒரு மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவருக்குத் தமிழ் தெரியாது. உன் விரல் கணுக்களில் பஞ்சை ஒற்றி, எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"கூசுதுன்னு சொல்லுடா" என்றாய்.

உயிர்வேதியியல் கற்பிக்கும் நான், கிச்சுகிச்சு மூட்டுவதற்கான ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். அவர் சிரித்தார். 'வலி இல்லை, மிகைப்படுத்துகிறார்' என்று எழுதிச் சத்து மாத்திரை கொடுத்தார். அதைப் படித்தும் நான் சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வெளியே வந்து உன்னைத்தான் கடிந்துகொண்டேன். "வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானேக்கா?"

"அமுக்குனா வலிக்குது. துணி பட்டாக் கூசுது, உசுரு போகுது. ரெண்டும் ஒண்ணாடா? ஒனக்குப் பல்லு கூசுனா சிரிப்பா வருது? அளவ மாத்திச் சொன்னா ரவிக்கை எப்படிப் பொருந்தும்? அம்புட்டுப் படிச்சவன், போ!"

நான் ஆண்டுதோறும் நடத்தும் பாடம்தான் உன் விரல்களில் நடந்துகொண்டிருந்தது. கருவில் நரம்புகளை வளர்க்கும் புரதம், வீங்கிய மூட்டில் மறுபடியும் பெருகுகிறது. வலி உணரும் நரம்பு நுனிகளைப் பற்றிக்கொண்டு, அவற்றை ஓயாமல் உசுப்பி வைக்கிறது. நாளடைவில், துணி படுவதுகூடத் தாங்க முடியாததாகிவிடுகிறது. இதை நான் கரும்பலகையில் படம் போட்டு விளக்கியிருக்கிறேன். நீ ஒரே சொல்லில் சொன்னாய். எனக்குத்தான் புரியவில்லை.

நீ போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் மூட்டு நோயாளிகளுக்கான கேள்வித்தாளைத் தமிழில் அமைக்கும் குழுவில் இருந்தேன். வரைவில் 'வலிக்கிறதா?' என்பது மட்டுமே இருந்தது. 'துணி பட்டால் கூசுகிறதா?' என்று சேர்த்தேன். "இது பேச்சு வழக்கு சார், அறிவியல் சொல் இல்லையே" என்றார் ஒருவர். அளந்து சொல்லப்பட்ட சொல் இது, எடுத்தால் என் பெயரையும் எடுத்துவிடுங்கள் என்றேன். கேள்வி தாளிலேயே நிலைத்தது.

கேள்வித்தாள் மருத்துவமனைக்குப் போன முதல் நாளே, கொட்டாம்பட்டியிலிருந்து வந்த ஓர் அம்மாளுக்கு அந்தக் கேள்வியைப் படித்துக் காட்டினார்கள். "ஆமாய்யா, இதத்தானே எம்புட்டு நாளாச் சொல்றேன்! ஒருத்தராச்சும் கேட்டீகளே!" என்றார். உன் சொல் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மருத்துவர் எழுதிய சீட்டு என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. எழுதியவரை நான் மன்னிக்கவில்லை. மொழிபெயர்த்தவனையும் மன்னிப்பதாக இல்லை. உன் சொல்லில் மட்டும் ஒரு நூல்கூடப் பிசகில்லை, அக்கா.