பல்புக்கு மூன்றாவது சீட்டு

அன்புள்ள வாயாடிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. வீட்டில் யாருக்கும் ஒரு தும்மல்கூட இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். தம்பி மறுபடியும் மூக்குக்கண்ணாடியை உடைத்துவிட்டான். அப்பாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிக்குப் போய்த் துணி எடுத்து வரச் சொன்னால் மட்டும் திரும்ப வந்துவிடுகிறது. அதெல்லாம் கிடக்கட்டும், போனில் சொன்னால் பாதியில் உளறிவிடுவேன் என்றுதான் தாளை எடுத்தேன். என் பல்பு அகராதியில் ஏறிவிட்டது!

அகராதி அலுவலகத்தில் நான் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. முதல்முறையாக ஒரு சொல்லை முழுதாக என் கையில் கொடுத்தார்கள். சின்னச் சொல்தானே என்று உட்கார்ந்தால் நாள் போனதே தெரியவில்லை. நமக்கு அது ஆங்கிலத்திலிருந்து வந்தது, ஆங்கிலத்துக்கு லத்தீனிலிருந்து, லத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்து. அங்கே வெங்காயம் மாதிரியான கிழங்குக்குத்தான் அந்தப் பெயராம். பிறகு அதுபோல உப்பியிருக்கும் எதற்கும் ஆகி, கடைசியில்தான் கண்ணாடிக் குமிழுக்குள் எரியும் விளக்குக்கு வந்தது. அன்று சமையலறையில் உரித்த வெங்காயத்தை ஹோல்டருக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன். அப்பா, ஏம்மா, பசிக்குது, அதை மாட்டாம வெட்டு என்றார்.

சிக்கல் இரண்டாவது பொருளில். ஏமாந்து அசடு வழிவதைப் பல்பு வாங்கினேன் என்கிறோமே, அது. முந்தைய பதிப்பில் அது இல்லை, சேர்ப்பதற்காகத்தான் சொல்லையே என்னிடம் கொடுத்தார்கள். அந்தப் பொருள் எங்கிருந்து முளைத்தது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை, தெரியவில்லை என்றே எழுதினேன். பேச்சுவழக்குப் பொருள் ஒன்று ஏற எங்கள் அலுவலகத்தில் மூன்று சீட்டு வேண்டும், மூன்று பேர் தாமாகப் பேசிய வாக்கியம், யார், எங்கே, எந்தத் தேதி என்ற குறிப்போடு. ஒன்று பேருந்தில் கிடைத்தது, ஒன்று பல் டாக்டர் வீட்டு வாசலில். மூன்றாவதை உன்னிடமிருந்து எடுத்தேன். போன மாதம் போனில், இண்டர்வியூவுக்குப் போனேம்மா, அந்த இடத்துக்கு ஏற்கனவே ஆள் எடுத்துட்டாங்களாம், செம பல்பு வாங்கிட்டேன் என்றாயே, அதை. எங்கள் அகராதியின் பெரிய ஆசிரியர் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த இருபத்திரண்டு வயசுப் பொண்ணு யாரும்மா, உங்க வீட்டுப் பொண்ணா என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. வீட்டு ஆளுங்க பேச்சு செல்லாது, மூணு மணிக்கு அச்சுக்குப் போகுது, வேற சீட்டு இல்லேன்னா அந்தப் பொருளை அடிச்சிடுங்க என்று போய்விட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இரண்டு மணி இருக்கும். எங்கள் அறையில் மின்விசிறியைப் பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி போனில் யாரிடமோ, நாலு மாடி ஏறி எல்லாத்தையும் கழட்டிப் பார்த்தா கீழ மெயினே போடலடா மச்சான், நல்லா பல்பு வாங்கிட்டேன் என்றார் பார், அறையிலிருந்த நான்கு பேரும் சீட்டும் பேனாவுமாக ஓடினோம். அவர் பயந்துபோய், நான் ஒண்ணும் தப்பா பேசலீங்களே என்று ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எலக்ட்ரீஷியன் பல்பு வாங்கினதெல்லாம் சாட்சியாம்மா என்று பெரிய ஆசிரியர் முறைத்தார், முழு வாக்கியத்தையும் படித்ததும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மணி இரண்டே முக்கால்!

உன் சீட்டை என்னிடமே கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து படித்தேன். தேதி, நேரம், வாக்கியம் எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அந்த வேலைக்காக நீ இரண்டு மாதம் மாய்ந்து மாய்ந்து படித்தாய். நீ அதைச் சொன்னபோது நான், இருடி, இன்னொரு தடவை சொல்லு என்று பேனாவைத் தேடினேன். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ சிரித்துக்கொண்டுதான் சொன்னாய், உன் சிரிப்பில் எது எந்தச் சிரிப்பு என்று எனக்குத் தெரியாதா, தெரிந்தும் எழுதிக்கொண்டிருந்தேன். இத்தனை சந்தோஷத்திலும் அது முள்ளாகக் குத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுகிறேன். இண்டர்வியூ அன்று அங்கிருந்து வெளியே வந்து எங்கே போனாய், என்ன சாப்பிட்டாய், அழுதாயா, முதலிலிருந்து சொல். கையில் பேனா இருக்காது.

நினைத்த வேலை கைகூடி நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். ஈரத்தலையோடு வெளியே போகாதே.

உன் அம்மா