திங்கள் முதல் புதன் வரை

பல்லடம் தோட்டம்,
14.4.2025

அன்புத் தம்பி பாலுசாமிக்கு,

அக்கா நாச்சியம்மாள் எழுதுவது. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடுதாசியையாவது பிரிப்பாய் என்று எழுதுகிறேன்.

அப்பன் பங்கு பிரித்தபோது கிணற்றைப் பொதுவில் வைத்தார். திங்கள் முதல் புதன் வரை உன் முறை, மீதி நாள் என் முறை. உன் முறையில் நீ தண்ணீர் விற்கிற லாரிக்காரன் ஒட்ட உறிஞ்சிக்கொண்டு போகிறான். வியாழக்கிழமை நான் மோட்டார் போட்டால் சேறுதான் வருகிறது. நாற்பது தென்னை பட்டுப்போச்சு சாமி. "தண்ணியில்லாம கெணத்து உள்பக்கமெல்லாம் வெடிச்சுக் கெடக்குதுங்க அம்மணி" என்கிறான் பண்ணையத்துச் சின்னான்.

மழையும் முன்னைப்போல் இல்லை. ஆறு மாதத்து மழை ஒரே சாயங்காலம் கொட்டிவிட்டு ஓடிப்போகிறது. உன் மேட்டுக்காட்டில் குட்டை வெட்டினால் அங்கே நின்று, மெல்லக் கிணற்றுக்கு ஊறும். வேளாண்மை ஆபீஸ்காரர்கள் இடம் குறித்துவிட்டார்கள். உன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. உன் கல்யாணத்தில் கூடப்பிறந்தவளாய் இணைச்சீருக்கு உட்கார்ந்தவள் கேட்கிறேன், போடு கண்ணு.

உன் அக்கா,
நாச்சியம்மாள்

சரவணம்பட்டி,
2.5.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கமுங்க. கோபமெல்லாம் இல்லைங்க. மேட்டுக்காட்டைச் சைட் போடப் பேசிக்கொண்டிருக்கிறேன். நடுவில் குழி கிடந்தால் எவன் வாங்குவான்? குட்டையை உங்கள் பங்கில் வெட்டிக்கொள்ளுங்கள். இங்கே எங்கள் அபார்ட்மெண்டும் லாரித் தண்ணீரில்தான் ஓடுகிறது, நாங்களும் மனிதர்கள்தானே!

நிதீஷுக்குப் பெண் பார்க்கிறோம். அத்தை இல்லாமல் நிச்சயம் கிடையாதுங்க. கிணற்றில் நான் போட்டிருப்பது புது மோட்டார், சின்னானைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

தம்பி பாலுசாமி

பல்லடம் தோட்டம்,
11.5.2025

தம்பிக்கு,

என் பங்கு பள்ளத்தில் கிடக்கிறது. தண்ணீர் மேடேறுமா? படித்தவன்தானே நீ. மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறோம்.

அக்கா

சரவணம்பட்டி,
16.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

செவ்வாய்க்கிழமை பெய்த மழையில் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீருங்க. மறுநாள் குடிக்கச் சொட்டு இல்லை. நம் லாரியும் வரவில்லை, என்ன ஆச்சோ தெரியவில்லை. நீங்கள் சொன்னது இப்போதுதான் மண்டையில் ஏறியது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன், குட்டையை வெட்டுங்கள். இப்போது நீங்கள்தான் போன் எடுக்க மாட்டேன் என்கிறீர்கள்!

தம்பி பாலுசாமி

பல்லடம் தோட்டம்,
22.10.2025

பாலுசாமிக்கு,

கையெழுத்து வந்தது.

அந்தச் செவ்வாய் உன் முறை. குட்டையில் நிற்க வேண்டிய தண்ணீர் மேட்டுக்காட்டிலிருந்து நேரே கிணற்றுக்குள் விழுந்தது. உன் மோட்டார் உள்ளே இருந்தது. "வேண்டாமுங்க அம்மணி, பக்கம் கரையுது" என்றான் சின்னான். "தம்பியோட புது மோட்டாரு, மேலே ஏத்திப்போடு" என்று நான்தான் அவனைக் கிணற்றுக்குள் இறக்கினேன். மேற்குப் பக்கம் அப்படியே சரிந்துவிட்டது. மறுநாள் மதியம்தான் அவனை எடுத்தார்கள். மோட்டார்க் கயிறு கையிலேயே இருந்தது.

அவன் பெண்டாட்டி மாரியாத்தாள் வீட்டுக்குப் போனேன். வைதிருந்தால் தேவலை. என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அந்த வாசலில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது.

கிணறு மூடிக்கொண்டது. இனி உனக்கும் முறை இல்லை, எனக்கும் இல்லை. நிதீஷ் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடாதே.

ஒரே ஒரு தடவை வா. மாரியாத்தாள் வாசலில் நாம் இரண்டு பேரும் போய் நிற்க வேண்டும். அதற்கப்புறம் வர வேண்டாம்.

நாச்சியம்மாள்